கடலூருக்குப் போன என் வேலை

எல்லோரும் ஊர் பார்க்க வெளிநாடு போவார்கள். நான் என் வேலை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். மலேசியாவில், ஈப்போவில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில் ஃபோன் எடுக்கிற வேலை எனக்கு. தலையில் ஹெட்செட், முன்னால் கம்ப்யூட்டர், எதிர்முனையில் பேராக் மாநிலத்துத் தமிழர்களின் ஆஸ்பத்திரிச் செலவு, விபத்து, சாவு. அந்த வேலையை அப்படியே தூக்கித் தமிழ்நாட்டில் கடலூர் என்கிற ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு வாரம் உட்கார்ந்து, என் இடத்துக்கு வருகிற பெண்ணைப் பழக்கிவிட்டு வரவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வீட்டைப் பிடுங்கிக்கொள்கிறவளிடம் நானே சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்து, எந்த அறையில் மழைக்கு ஒழுகும் என்பதையும் சொல்லிவிட்டு வரவேண்டுமாம்.

கிளம்புகிற அன்று பக்கத்து மேசை தேவி என் காதில் ஓதி அனுப்பினாள். "மார்க் போடப்போறது நீதானே? ஃபெயில் போட்டுடு லா. அந்தப் பொண்ணு ரெடி இல்லேன்னா அவுங்க எப்படி மாத்துவாங்க? உன் நாற்காலி உனக்குத்தான்." பெட்டியில் எடுத்துப்போன புடவைகளைவிட இந்த யோசனையைத்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் இறங்கி, ஒரு ஆட்டோக்காரரிடம் கடலூர் போகவேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதாம்மா கடலூரு. நீ எந்தக் கடலூரைக் கேக்குற? ஓல்டு டவுனா, நியூ டவுனா?" பழைய ஊர்தான் நிஜமான ஊராக இருக்கும் என்று நானாக முடிவு செய்து ஓல்டு டவுன் என்றேன். முதுநகரில் மீன் லாரிகளுக்கு நடுவே கொண்டுபோய் இறக்கிவிட்டார். நான் தங்கவேண்டிய லாட்ஜ் மஞ்சக்குப்பத்தில், அதாவது வந்த வழியிலேயே திரும்பிப் போகவேண்டும். "முன்னாடியே மஞ்சக்குப்பம்னு சொல்றதுக்கு இன்னாமா?" என்று அவரே என்னைக் கோபித்துக்கொண்டார். எங்கள் ஊர் டாக்சிக்காரன் வாயைத் திறக்கமாட்டான். இவர் திரும்பி வருவதற்குள் என் அப்பா பிறந்த ஊர், என் பையன் சிங்கப்பூரில் பார்க்கிற வேலை எல்லாவற்றையும் கறந்துவிட்டார்.

திங்கட்கிழமை விடியும் முன்பே வேன் வந்தது. மலேசியாவில் ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு இங்கே கோழிகூட முழுசாக எழுந்திருக்காது. ஆபீஸ் ஒரு பழைய கல்யாண மண்டபம். மேடை இருந்த இடத்தில் சர்வர் அறை, பந்தி நடந்த ஹாலில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். எனக்கும் என் மாணவிக்கும் ஒதுக்கிய அறையின் கதவுக்கு மேலே 'மணமகள் அறை' என்ற பலகை இன்னும் இருந்தது. உள்ளே சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒரு வாரம் முழுக்க நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எனக்கு எத்தனை என்று கண்ணாடியே சொல்லிற்று.

அவள் பெயர் சௌமியா. சிதம்பரத்துப் பெண். டீம் லீடர் ஜோசப் அறிமுகம் செய்து வைத்தார். ஓல்டு டவுன்காரர், முப்பது தாண்டாதவர். "மேடம், இவுங்க இங்க பெஸ்ட். நீங்க ஜாஸ்தி கஷ்டப்படவே வேணாம்." அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. கொஞ்சம் மந்தமான பெண்ணாகக் கொடுத்திருக்கக் கூடாதா?

சாப்பாட்டு நேரத்தில் இன்னும் மோசம். அவள் தூக்குக் கேரியரைத் திறந்தாள். சாதம், சங்கரா மீன் குழம்பு, வாழைக்காய் வறுவல், தனியாக ஒரு டப்பாவில் தயிர். இவ்வளவையும் அவள் அம்மா இருட்டில் எழுந்து சமைத்துக் கட்டியிருக்கிறார். "சாப்டுங்க மேடம், அம்மா உங்களுக்கும் சேத்துதான் வச்சிருக்காங்க." ஈப்போவில் என் மதியச் சாப்பாடு, வாழை இலையில் மடித்த நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, மேசையிலேயே, ஒரு கையால். என் பிள்ளை வேலை தேடிச் சிங்கப்பூர் போய்விட்டான். மாதம் ஒரு தடவை பார்த்தால் உண்டு. இங்கே பிள்ளைகளைத் தேடி வேலை வந்திருக்கிறது, அதுவும் என்னுடைய வேலை. மீன் குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் வயிற்றெரிச்சல் குறையவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரோ பண்ருட்டியிலிருந்து பலாச்சுளை கொண்டுவந்து எல்லா மேசைக்கும் வைத்தார்கள். பிசுக்கான கையோடு நான் சொல்லிக்கொடுக்க, அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டாள். எந்த ஆஸ்பத்திரி எந்தப் பிரிவில் வரும், டாக்டர் கடிதத்தின் நகல் இல்லாவிட்டால் என்ன கேட்கவேண்டும், எந்த ஏஜெண்டு வழக்கமாகக் குழப்புவார் எல்லாம் ஒரு முறை சொன்னால் போதும். எனக்கு இதெல்லாம் பிடிபட வருஷக்கணக்கில் ஆயிற்று. வேண்டுமென்றே வேகமாகச் சொன்னேன். அவள் நான் விட்டுவிட்ட ஒன்றைக்கூடக் கேட்டு வாங்கினாள். சாயங்காலம் லாட்ஜுக்குப் பக்கத்து மெஸ்ஸில் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேனே தவிர, சாப்பிடவில்லை. பரிமாறுகிறவர் வந்து, "இன்னாங்க, புளிப்பு ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டார். புளிப்பு தோசையில் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இங்கே மார்க் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை முதல் அவள் நிஜமான அழைப்புகளை எடுப்பாள். பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டில் நான் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மார்க் போடவேண்டும். வணக்கம் சொன்னாளா, பெயரைச் சரிபார்த்தாளா என்று வரிசையாக இருக்கும். கடைசியில் ஒரு முடிப்பு வாக்கியம் உண்டு. "எங்களை அழைத்ததற்கு நன்றி. மீண்டும் உங்களுக்குச் சேவை செய்யக் காத்திருக்கிறோம்." மற்றதில் கோட்டைவிட்டால் கொஞ்சம் மார்க் குறையும். இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டால் அந்த அழைப்புக்கே சைபர். ஒரு சைபர் விழுந்தாலும் ஆள் தேறவில்லை என்று அர்த்தம்.

முதல் மூன்று அழைப்புகளில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நாலாவதாக, ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு அம்மா. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், காப்பீட்டுப் பணம் வாங்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். குரல் நடுங்கிற்று. நான் என்றால் "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், பாலிசி எண் சொல்லுங்கள்" என்று ஒரே மூச்சில் முடித்திருப்பேன். இவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்பம்மா ஆச்சு?" என்றாள்.

"போன செவ்வா, மா. நல்லாதான் இருந்தாரு. கோப்பி கேட்டாரு, போட்டுக்கிட்டு வர்றதுக்குள்ள..."

"அய்யோ. கூட யாரும்மா இருக்காங்க இப்ப?"

"மக வந்திருக்கு."

"சாப்டீங்களாம்மா காலைல?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் அழுகை. இவள் அவரை அழவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாலிசி எண், இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு. ஒன்றும் விட்டுப்போகவில்லை. எந்தக் காகிதத்தை யாரிடம் கொடுக்கவேண்டும் என்று மகளையும் ஃபோனுக்கு அழைத்து மறுபடி சொன்னாள். எல்லாம் முடிந்தது. நான் முடிப்பு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். "சரிம்மா" என்றாள். அப்புறம் ஒன்றுமே சொல்லாமல் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

"முடிப்பு எங்கே?" என்று கேட்டேன்.

"சாவு வூடு மேடம்," என்றாள், இதைக்கூடவா கேட்பார்கள் என்பது மாதிரி. "சாவு வூட்ல சொல்லிக்கிட்டா கிளம்புவோம்? பேசாமதானே எழுந்து வருவோம்? அவுங்களப் போயி, மறுபடி சேவை செய்யக் காத்திருக்கோம்னு எப்டி மேடம் சொல்றது? இன்னொரு சாவு வுழட்டும்னு சொல்ற மாதிரி ஆயிடும்."

ஈப்போவிலும் துக்க வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. என் அம்மா வாசலைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். ஆபீஸில் மட்டும் அந்த வாக்கியத்தை எத்தனையோ வீடுகளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட நாக்கு இடறியதில்லை. எனக்கு இவ்வளவு காலம் தோன்றாதது இவளுக்கு முதல் நாளே தோன்றிவிட்டதே என்று எரிந்தது. அந்த எரிச்சலோடு பட்டியலில் கடைசிக் கட்டத்துக்குப் போய் சைபர் போட்டேன்.

போட்டதும் எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது. சாயங்காலம் சில்வர் பீச்சுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பன்னிரண்டு பேர், என் மடியில் யாருடைய பையோ. மணலில் உட்கார்ந்து மிளகாய் தடவிய மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டேன், கூட மாங்காயும். எங்கள் பேராக்கின் லுமுட் கடற்கரையைவிட இங்கே குப்பை அதிகம், காற்றும் அதிகம். பக்கத்தில் ஒரு குடும்பம் அலையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. எனக்கும் கத்தலாம் போலிருந்தது. என் நாற்காலி எனக்குத்தான்.

வியாழக்கிழமை காலை ஹாலில் ஒரு பையன் எழுந்து நின்று கூப்பிட்டான். "சௌமியா, சுங்கை சிப்புட் அம்மா லைன்ல இருக்காங்க. உன்னதான் கேக்குறாங்க. வேற யார்ட்டயும் பேச மாட்டாங்களாம்."

நானும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன். அந்த அம்மா ஒரு சின்னச் சந்தேகம்தான் கேட்டார். "வேற ஆளு எடுத்தாங்க, மா. மறுபடியும் அவர் எப்படிப் போனாருன்னு முதல்லேருந்து சொல்ல என்னால முடியாது. அதான் உன்னய கேட்டேன்." இத்தனை வருஷத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டு யாரும் அழைத்ததில்லை. புகார் கொடுக்க ஒரு ஆள் கேட்டிருக்கிறார். பொறாமை என்பதைக் கதைகளில் படித்திருக்கிறேன். அன்றைக்கு அதை ஹெட்செட்டில் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மிச்ச மார்க்குகளை ஏற்றி முடித்தேன். எல்லாம் தொண்ணூறுக்கு மேலே, நடுவில் அந்த ஒரு சைபர். ஜோசப் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரூல்னா ரூல்தான் மேடம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது. அதே நேரத்தில் சௌமியா வந்து, "நாளைக்கு எங்க வூட்டுக்கு வாங்க மேடம். அம்மா உங்களப் பாக்கணும்னு ஒரே புடியா இருக்காங்க" என்றாள். சைபரைப் பார்த்தாளா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கடைசியில் எந்த பஸ் என்றுதான் கேட்டேன்.

சனிக்கிழமை பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிப் புளிய மரத்தடியில் நின்றோம். எங்கள் ஊரில் இப்படி நின்றால் ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்துப் புகார் செய்வோம். இங்கே ஒருவர் முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்துச் சுற்றி நின்றவர்களுக்கு நீட்டினார். "இந்த வண்டிக்கு ஆலப்பாக்கத்துல எறங்கி ஒரு டீ குடிக்கணும், அது பழக்கம்," என்றார் கண்டக்டர். அடுத்த பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன்.

மேல வீதியில் அவள் அப்பாவின் கடை. செல்ஃபோன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், பழுது பார்ப்பு எல்லாம் ஒரே ஆள். கடைக்குப் பின்னால் வீடு. அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க டீச்சர், வாங்க." இட்லியும் கொத்சும் முதலில், அப்புறம்தான் சாப்பாடு. கத்திரிக்காயைச் சுட்டுப் புளி விட்டுச் செய்கிற அந்தக் கொத்சுவுக்காகவே இன்னொரு முறை பஸ் பழுதாகி நிற்கலாம். மூன்று இட்லி கேட்கவே கூச்சமாக இருந்தது. ஏழு தின்றேன்.

"மெட்ராஸ்ல ரெண்டு வருசம் இருந்தா, டீச்சர்," என்றார் அம்மா, சோற்றைப் போட்டுக்கொண்டே. "ஹாஸ்டல் சோறு. மஞ்சக்காமாலை வந்து, எலும்பும் தோலுமா தூக்கிட்டு வந்தோம். இந்த ஆபீஸு கடலூருக்கு வரலேன்னா, திரும்பவும் அங்கதான் அனுப்பியிருக்கணும். இப்ப பாருங்க, கன்னம் வச்சிருக்கு. நீங்கதான் நல்லா சொல்லிக்குடுக்குறீங்களாமே. தெனம் வந்து ஒங்க பேச்சுதான்."

நான் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோயில் நடை சாயங்காலம்தான் திறக்கும். அதுவரை மாடியில் காற்றாட உட்கார வைத்தாள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவளே ஆரம்பித்தாள். "ஜீரோ பாத்தேன் மேடம். வூட்ல சொல்லல. நீங்க போட்டது கரெக்டுதான், ரூல்ல அப்டிதான் இருக்கு."

"இன்னொரு தடவை அப்படிப்பட்ட கால் வந்தா சொல்லிடுவியா?"

துணியை மடித்தபடி யோசித்தாள். "வாய் வராது மேடம். வேணும்னா வேற வேலை தேடிக்கிறேன். மெட்ராஸுக்கே போறேன்." கண் கலங்கிவிட்டது. துணியால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபமாக வந்தது. அழுதால் முழுசாக அழுதுவிடக் கூடாதா? என்மேல் பழி போடக் கூடாதா? அதற்கும் இடம் கொடுக்கமாட்டேன் என்கிறாளே.

சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பி, கீழ வீதியில் செருப்பு விடுகிற கடைக்கு முன்னால் நாங்கள் மூவரும் நின்றபோது என் ஃபோன் அடித்தது. கோலாலம்பூரிலிருந்து மேனேஜர் மிஸ் லிம். சனி ஞாயிறு என்று பார்க்கிறவள் இல்லை. தாயையும் மகளையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"விமலா, அந்தப் பெண்ணுக்கு ஒரு சைபர் போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன்," என்றாள் ஆங்கிலத்தில். "நல்ல வேளை. திங்கட்கிழமை அவளை எடுத்துவிட்டு அடுத்த ஆளைப் போட்டுவிடுகிறோம். வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்."

"அப்படியானால் வேலை ஒப்படைப்பு தள்ளிப்போகுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"எதற்குத் தள்ளிப்போகவேண்டும்? ஈப்போ ஆபீஸை இந்த வாரமே கட்டடத்தின் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உங்கள் கடைசி நாள் மாதக் கடைசி, கடிதத்தில் இருந்ததே. அந்த மார்க்குக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை."

பூக்காரி ஒருத்தி என்னைத் தாண்டிப் போகக் கூடையைச் சாய்த்துப் பிடித்தாள். நான் நகரவில்லை. ஒரு வாரமாக நான் தூக்கிக்கொண்டு திரிந்த அதிகாரம் இவ்வளவுதான். அதை வைத்து என் நாற்காலியைக் காப்பாற்ற முடியாது. ஒரு பெண்ணை ஹாஸ்டல் சோற்றுக்குத் திருப்பி அனுப்ப மட்டும் முடியும்.

"மார்க்கை மாற்றவேண்டும்," என்றேன். "நான் தப்பாகப் போட்டுவிட்டேன்." துக்க வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை என்பதை அவளுக்கு விளக்கினேன். எங்கள் சீனர் வீட்டுச் சாவிலும் அப்படித்தான் என்று அவள் சட்டென்று புரிந்துகொண்டாள். அந்த வாக்கியத்தை இறப்பு அழைப்புகளிலிருந்து எடுத்துவிடலாம், ஒரு மின்னஞ்சல் போடுங்கள் என்றாள். வைக்கப் போனவள் நிறுத்தி, "விமலா, இத்தனை வருஷத்தில் நீங்கள் ஏன் இதைச் சொல்லவே இல்லை?" என்று கேட்டாள். குறை சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்க் மாறிவிட்டது என்று சொன்னதும் சௌமியா தெருவென்றும் பாராமல் என்னைக் கட்டிக்கொண்டாள். "தேங்க்ஸ்கா," என்றாள். மேடம் அக்கா ஆனது அப்போதுதான். அவள் அம்மா எதற்கு என்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டார். நல்ல மனசு என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். அந்தக் கொடுமையால் எனக்கு ஒரு லாபமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதைக் கைவிட்டேன். தாயும் மகளும் கைகோத்துக்கொண்டு எனக்கு முன்னால் கோபுரத்துக்குள் நுழைந்தார்கள். பின்னால் நடந்த எனக்கு அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

ஈப்போவுக்குத் திரும்பினேன். மாதக் கடைசியும் வந்து போயிற்று. வீட்டில் உட்கார்ந்து வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிற புஷ்பம் அக்காவின் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அக்காவைப் பார்க்கப் போனேன்.

"உங்க ஆபீஸுக்குத்தான் ஃபோன் போட்டேன், விமலா," என்றார். "ஒரு பொண்ணு எடுத்துச்சு. என்னா பொறுமை லா அதுக்கு! சாப்டீங்களாம்மான்னு கேட்டுச்சு. என் மருமககூட அன்னிக்கு அதக் கேக்கல. முன்ன எங்க மாமியார் செத்தப்போவும் அதே நம்பருக்குத்தான் போட்டேன். அப்ப எடுத்தவ மெஷின் மாதிரி பேசுனா."

அவர் மாமியார் செத்த வருஷம் நான் இந்த வரிசைக்கு இன்னும் குடிவரவில்லை, ஆனால் அந்த நம்பரில் தமிழுக்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

"இப்ப இருக்கிற பொண்ணு யாரு லா? உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாம என்ன? நான் பழக்கிவிட்ட பொண்ணுதான்," என்றேன், வாய் கூசாமல்.